கடலாடலும் கடற்கரை விடுமுறையும்: செயற்பெயர்கள் காட்டும் வரலாறு

0. முன்னுரை

கடற்கரைக்குச் செல்லும் குழந்தைகள் அங்கு என்ன செய்வார்கள் என்று எவரும் கேட்பதில்லை. மணலும் நீரும் அவர்களுக்குப் போதும். பெரியவர்களின் நிலை வேறு. ஒரு வாரத்தையோ ஒரு மாலைப்பொழுதையோ கடலருகே கழிக்க வருபவருக்கு அங்குச் செய்வதற்கென்று ஒரு செயல் வேண்டும். அச்செயலுக்கு ஒரு பெயர் வேண்டும். பெரும்பாலும் ஒரு காரணமும் வேண்டும். அக்காரணம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. பெயர் சில வேளைகளில் மாறியது. சில வேளைகளில் மாறாமல் நின்று புதிய பொருளை ஏற்றுக்கொண்டது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் புதினம் ஒன்றைத் தமிழாக்குபவர் இச்சிக்கலை விரைவில் சந்திப்பார். ஒரு கதைமாந்தர் பிரைட்டன் நகருக்குச் சென்று கடலில் ‘பேத்’ செய்கிறார். அவர் குளித்தார் என்பதா, நீராடினார் என்பதா, கடலாடினார் என்பதா, நீந்தினார் என்பதா? அகராதி நான்கையும் ஏற்கும். வரலாறு நான்கையும் ஏற்பதில்லை.

கடற்கரை ஓய்வு குறித்த ஆங்கிலச் சொற்களின் வரலாற்றையும் அவற்றோடு ஒப்பிடத்தக்க தமிழ்ச் சொற்களின் பொருண்மையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தேவையான இடங்களில் பிற இந்திய மொழிகளின் வழக்குகளும் சுட்டப்படுகின்றன. கடற்கரைச் செயலைக் குறிக்கும் வினையை மொழிபெயர்க்கையில், செய்பவர் யார், செய்யப்படுபவர் யார், அக்கரை எவருடையது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும் என்பது இதன் கருத்து.

1. மருந்தாக இருந்த கடல்

இங்கிலாந்தின் கடற்கரை ஓய்வு, இன்பத்திலிருந்து தொடங்கவில்லை, மருத்துவத்திலிருந்து தொடங்கியது. யார்க்‌ஷயரில் உள்ள ஸ்கார்பரோவில் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு கனிம ஊற்று கண்டறியப்பட்டது. அவ்வூற்று நீரின் நலங்களை விளக்கி மருத்துவர் ராபர்ட் விட்டி 1660இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிற்பதிப்பில் கடல்நீரில் முழுகுவதையும் மருத்துவ முறையாகப் பரிந்துரைத்தார். ஊற்று நீருக்காக வந்த நோயாளர்களுக்குக் கடல் இரண்டாவது மருந்தாயிற்று.

இம்முறையை நாடறியச் செய்தவர் மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல். சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரைப் பயன்படுத்துவது பற்றி அவர் இலத்தீனில் எழுதிய நூல் 1750இல் வெளிவந்தது. 1752இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. மருத்துவர்களுக்கென எழுதப்பட்ட நூல், மொழிபெயர்ப்பின் வழியே நோயாளர்களின் கைக்கு வந்தது என்பது மொழிபெயர்ப்பாளர்கள் கருதத்தக்கது. ரஸ்ஸல் கடல்நீரில் முழுகுவதோடு அதைப் பருகவும் சொன்னார். அக்காலக் கடிதங்களில் ஒருவர் கடல்நீரை ‘எடுத்துக்கொண்டார்’ என்று வந்தால், அது குடித்ததையும் குறிக்கக்கூடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்ள வேண்டும்.

மருந்து என்பதால் பருவமும் நேரமும் மருத்துவ முறைப்படியே அமைந்தன. குளிர்ந்த நீரே நலம் தரும் என்று கருதப்பட்டதால் விடியற்காலையும் குளிர்காலமும் ஏற்றவையாகக் கொள்ளப்பட்டன. புதின ஆசிரியர் ஃபேனி பர்னி 1782 நவம்பரில் பிரைட்டனில் விடியுமுன் கடலில் முழுகியதைத் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். எனவே அந்நூற்றாண்டுப் பனுவலில் ‘கடல் முழுக்குப் பருவம்’ என்று பொருள்படும் தொடர் வருமிடத்தில் ‘கோடை’ என்று எழுதுவது பிழையாகலாம்.

2. முழுகுவோரும் முழுக்காட்டுவோரும்

அக்காலத்து நோயாளர் தாமாகக் கடலில் இறங்கவில்லை. சக்கரங்கள் பூட்டிய மரக்கூண்டு ஒன்றில் ஏறிக்கொள்வார். குதிரை அக்கூண்டை நீருக்குள் இழுத்துச் செல்லும். உள்ளேயே உடை மாற்றிக்கொண்டு, கடலை நோக்கிய வாயிலில் உள்ள படிகளின் வழியே இறங்குவார். ஜான் செட்டரிங்டன் 1735இல் வரைந்த ஸ்கார்பரோ காட்சிப் படத்தில் இத்தகைய வண்டி ஒன்று காணப்படுகிறது. 1750ஐ ஒட்டி மார்கேட் நகரின் பெஞ்சமின் பீல், முழுகுபவர் பிறர் கண்ணில் படாதவாறு வண்டியின் பின்புறம் தாழ்த்தக்கூடிய துணிக்கூடாரம் ஒன்றைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் இது ‘பேதிங் மெஷின்’ எனப்பட்டது. இதைக் ‘குளியல் இயந்திரம்’ என்று தமிழாக்கினால் வாசகர் கொதிகலனை நினைப்பார். ‘முழுக்கு வண்டி’ என்பதே பொருளை உணர்த்தும்.

நீரில் காத்திருப்பவர் ஒருவர் உண்டு. பிரைட்டனில் பெண்களை நீரில் அமிழ்த்தி எடுக்கும் பெண் பணியாளர் ‘டிப்பர்’ எனவும், ஆண்களுக்கு அதே பணியைச் செய்த ஆண் ‘பேதர்’ எனவும் அழைக்கப்பட்டனர். 1815இல் மறைந்த மார்த்தா கன் இத்தொழிலில் புகழ்பெற்ற பெண்மணி. ‘ஸ்மோக்கர்’ மைல்ஸ் என்று அறியப்பட்டவர் ஆண்களுள் பெயர்பெற்றவர். இன்றைய ஆங்கிலத்தில் ‘பேதர்’ என்றால் நீராடுபவர். அன்றைய பிரைட்டனில் அச்சொல் நீராட்டுபவரைக் குறித்தது. ஒரே வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வழங்கியதால் நேர்ந்த இருமை இது. வடிவத்தில் வேறுபாடு இல்லாமையால் பனுவலின் காலத்தையும் இடத்தையும் அறியாதவர் தவறாகப் பொருள் கொள்ள நேரும்.

தமிழில் இவ்வேறுபாடு வினையின் வடிவத்திலேயே உள்ளது. ‘ஆடு’ தன்வினை, ‘ஆட்டு’ பிறவினை. நீராடினார் என்பதற்கும் நீராட்டினார் என்பதற்கும் இடையில் குழப்பம் இல்லை. முழுகினார், முழுக்காட்டினார் என்பனவும் அவ்வாறே. ஆங்கிலம் மறைத்து வைத்த வேறுபாட்டைத் தமிழ் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் முதலில் வரலாற்றை அறிந்தாக வேண்டும். 1789இல் நோயினின்று தேறிய மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வேமத் கடற்கரைக்குச் சென்றார். அவர் நீரில் முழுகியபோது அருகிலிருந்த வண்டி ஒன்றிலிருந்து இசைக்குழு மன்னர் வாழ்த்தை இசைத்ததாக ஃபேனி பர்னி எழுதியுள்ளார். இக்காட்சியை ‘மன்னர் கடலில் குளித்தார்’ என்று எழுதினால் அவர் தாமே மகிழ்ந்து விளையாடியது போன்ற தோற்றம் உண்டாகும். ‘மருத்துவ முறைப்படி கடலில் முழுகினார்’ என்பதே காலத்திற்குப் பொருந்தும். ஆனால் ‘தலைமுழுகினார்’ என்று எழுதிவிடக் கூடாது; தமிழில் அது கைகழுவிவிட்டதைக் குறிக்கும்.

‘குளி’ என்னும் வினையும் நோக்கத்தக்கது. இன்றைய வழக்கில் அது உடலைத் தூய்மை செய்வதையே முதன்மையாகக் குறிக்கிறது. அதன் பழம்பொருள் உள்ளே பாய்தல், அமிழ்தல் என்பது. ‘முத்துக்குளித்தல்’ என்னும் தொடரில் அப்பழம்பொருள் இன்றும் நிலைத்துள்ளது. முத்துக்குளிப்பவர் தம் உடலைக் கழுவுவதற்காகக் கடலில் இறங்கவில்லை. பழைய பொருளின்படி, பிரைட்டனில் நிகழ்ந்தது குளித்தலே. இன்றைய வாசகருக்கு அப்பொருள் எட்டாது என்பதுதான் இடர்ப்பாடு.

நீராட்டுபவர் என்னும் தொழிலினர் இங்கிலாந்துக்கு மட்டும் உரியவர் அல்லர். ஒடிசாவின் பூரிக் கடற்கரையில் ‘நுலியா’ எனப்படும் மீனவர்கள், கூம்பு வடிவத் தொப்பி அணிந்து, பயணிகளின் கையைப் பற்றி அலைக்குள் அழைத்துச் சென்று மீட்டு வரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இவர்கள் தெலுங்கு வழியினர். அங்கு வரும் பயணிக்குக் கடலில் முழுகுவது ஒரு கடமை. அதற்குத் துணைநிற்பது நுலியாவின் பணி. மருத்துவத்தின் இடத்தில் சமயம் இருக்கிறது. நீரில் கைகொடுப்பவர் இரண்டு இடங்களிலும் இருக்கிறார்.

3. கடலாடல்: தமிழ் மரபு

சமயமும் விளையாட்டும் கடலில் ஒன்றுசேர்வதைத் தமிழின் தொன்மையான பனுவல்களிற் காணலாம். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் மீன்பிடிக்கச் செல்லாத முழுநிலா நாளை விவரிக்கிறது. அவர்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகின்றனர், தாழைமலர் சூடுகின்றனர், கள் பருகுகின்றனர். பின்னர்த் தம் பெண்டிருடன் தீமை நீங்கக் கடலில் ஆடி, உப்பு நீங்க நன்னீரில் படிகின்றனர். நண்டுகளை விரட்டி விளையாடுகின்றனர், அலைகளில் திளைக்கின்றனர், மணற்பாவை செய்கின்றனர். பகல் முழுதும் இவ்வாறு கழிகிறது.

இப்பகுதியில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, இச்செயல்களைச் செய்வோர் வளர்ந்த ஆடவரும் மகளிரும் ஆவர். இரண்டாவது, கடலில் ஆடுவதும் நண்டை ஆட்டுவதும் ஒரே வினையின் தன்வினை, பிறவினை வடிவங்களால் உணர்த்தப்படுகின்றன. ‘ஆடு’ என்னும் வினை நீரில் திளைத்தல், விளையாடுதல், கூத்தாடுதல், அசைதல் ஆகிய பொருள்களைத் தன்னுள் கொண்டது. ஆகவே கடலாடல் என்ற சொல் தூய்மைச் சடங்கையும் இன்ப விளையாட்டையும் பிரிப்பதில்லை. ஆங்கிலத்தில் மருத்துவத்திலிருந்து விளையாட்டுக்கு வந்து சேர ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. தமிழில் சடங்கும் விளையாட்டும் தொடக்கத்திலேயே ஒரு வினைக்குள் குடியிருந்தன. மூன்றாவது செய்தி, இவ்விடுமுறை கரையில் உழைப்பவர்களுடையது என்பது. வெளியூரிலிருந்து எவரும் வந்து அதைத் தொடங்கி வைக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் இன்னொரு வகையினர் வருகின்றனர். புகார்க் காண்டத்தின் ஆறாவது காதைக்குக் கடலாடு காதை என்றே பெயர். இந்திர விழாவின் முடிவில் நகர மக்கள் கடலாடச் செல்கின்றனர். கடல் விளையாட்டைக் காண மாதவி விரும்புகிறாள். கோவலன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலும் ஏறிச் செல்கின்றனர். புன்னை நிழலில் திரை சூழ்ந்த இடத்தில் அமர்கின்றனர். அடுத்த காதையான கானல்வரியில் இருவரும் யாழிசைத்துப் பாடுகின்றனர், அப்பாடல்களாலேயே பிரிகின்றனர். ஆடுவோரைக் காண்பதும், நிழலில் அமர்ந்து பாடுவதும் கடற்கரைச் செயல்களாக இங்குப் பதிவாகியுள்ளன. நீரைத் தொடாமலே கடற்கரையில் ஒரு நாளைக் கழிக்கலாம் என்பதற்குத் தமிழிலக்கியத்தில் உள்ள சிறந்த சான்று இதுவே எனலாம்.

மயிலைக் கடற்கரையில் மாசி மாதத்துக் கடலாட்டு விழா நடந்ததைத் திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் குறிப்பிடுகிறது. இன்றும் மாசி மகத்தன்று கோயில்களின் உற்சவ மூர்த்திகள் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கின்றனர். திருச்செந்தூருக்குச் செல்வோர் முதலில் கடலிலும் பின்னர் நாழிக்கிணற்று நன்னீரிலும் நீராடுகின்றனர். பட்டினப்பாலை காட்டும் வரிசையும் அதுவே.

4. நீருக்கு வெளியே: உலாவும் காற்றும் பாலமும்

முழுக்கு ஒரு நாளில் சில நிமிடங்களே. எஞ்சிய நேரத்தைக் கழிக்க ஆங்கில ஓய்வூர்கள் ஒரு முழு நிரலை உருவாக்கின. பிரைட்டன், மார்கேட், ஸ்கார்பரோ ஆகிய ஊர்களில் வாடகை நூலகங்களும் நடன மண்டபங்களும் தோன்றின. நூலகத்தில் புத்தகம் மட்டும் கிடைக்கவில்லை. செய்தித்தாள், சீட்டாட்டம், புதிதாக ஊருக்கு வந்தோர் பெயர்ப்பட்டியல் ஆகியனவும் இருந்தன. இத்தகைய ஊர் ஒன்றை வணிக நோக்குடன் உருவாக்க முனைவோரை எள்ளும் ‘சாண்டிடன்’ என்னும் புதினத்தை ஜேன் ஆஸ்டின் 1817இல் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை. நலம் தேடி வருவோரும் நலத்தை விற்போரும் ஒரே தெருவில் வாழ்ந்த காலம் அது.

உலாவுதலுக்கென்றே அமைந்த சாலை ‘ப்ராமனேட்’. தமிழில் ‘உலா’ என்னும் சொல் பொருத்தமானதே. ஆயினும் இலக்கிய வகையாகிய உலாவில் தலைவன் பவனி வருகிறான், மகளிர் காண்கின்றனர். கடற்கரைச் சாலையில் ஒவ்வொருவரும் காண்பவராகவும் காணப்படுபவராகவும் இருந்தனர். ‘உலாச்சாலை’ என்று மொழிபெயர்க்கும்போது இந்த இருவழிப் பார்வையும் உடன் வருவது நன்றே.

‘பியர்’ என்பது படகிலிருந்து இறங்குவதற்கான மேடையாகத் தொடங்கியது. வைட் தீவில் உள்ள ரைட் நகரில் 1814இல் திறக்கப்பட்ட பியர் பயணிகள் கால் நனையாமல் கரையேறுவதற்காகக் கட்டப்பட்டது. 1823இல் பிரைட்டனில் சங்கிலிகளால் தாங்கப்பட்ட பியர் எழுந்தபோது, கட்டணம் செலுத்தி அதன்மேல் நடந்து திரும்புவதே ஒரு பொழுதுபோக்காயிற்று. கப்பலில் ஏறாமலே கடலின்மேல் நிற்கும் இன்பம் அது. யூஜீனியஸ் பர்ச் வடிவமைத்த பிளாக்பூல் வடக்குப் பியர் 1863லும் பிரைட்டன் மேற்குப் பியர் 1866லும் திறக்கப்பட்டன. இவை முதன்மையாக உலாவுவோருக்காகவே எழுந்தவை. தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லை. ‘துறைமேடை’ என்றால் சரக்கு நினைவுக்கு வரும். மலையாளத்தில் கோழிக்கோடு, தலைச்சேரி, ஆலப்புழை ஆகிய ஊர்களின் பழைய பியர்களுக்குக் ‘கடல்பாலம்’ என்று பெயர். மறுகரை இல்லாத பாலம் என்னும் வியப்பு அச்சொல்லில் உள்ளது. சரக்குக்கும் உலாவுக்கும் பொதுவான அச்சொல்லைத் தமிழும் ஏற்றுக்கொள்ளலாம்.

விக்டோரியா காலத்தில் கற்றவர்களுக்கு ஏற்ற ஒரு செயல் பரவியது. பாறைகளுக்கிடையே தேங்கும் நீரில் கடல் உயிர்களைத் தேடிச் சேகரிப்பதும், கடற்பாசிகளைத் தாளில் ஒட்டி வைப்பதும் அது. 1853, 1854ஆம் ஆண்டுகளில் வந்த பிலிப் ஹென்றி காஸின் நூல்கள் இதைப் பெருகச் செய்தன. ‘அக்வேரியம்’ என்னும் சொல்லை இன்றைய பொருளில் பரப்பியதும் அவர் எழுத்தே. மார்கரெட் காட்டி 1863இல் கடற்பாசிகள் பற்றிய நூலை வெளியிட்டார். விளைவு வருந்தத்தக்கது. சேகரிப்போர் கூட்டத்தால் அப்பாறைக் குட்டைகள் வெறுமையாயின என்று காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதினார். விரும்பியதாலேயே ஒன்றை அழித்துவிடும் இச்செய்தி இன்றைய சுற்றுலாவுக்கும் பொருந்தும்.

இவற்றினும் எளிய செயல் காற்று வாங்குதல். இதில் இந்திய மொழிகளின் வழக்குகள் ஒப்பாய்வுக்கு உரியவை. இந்தியிலும் வங்காளியிலும் மராத்தியிலும் காற்றை ‘உண்கின்றனர்’. மலையாளத்தில் ‘கொள்கின்றனர்’. தமிழில் ‘வாங்குகின்றனர்’. இங்கு வாங்குதல் விலைக்குப் பெறுதல் அன்று. இழுத்தல், ஏற்றல் என்னும் பழம்பொருளே. மூச்சு வாங்குதல், வில்லை வாங்குதல் என்பவற்றில் உள்ளதும் இதுவே. வங்காளியில் நலம் நாடி வேற்றூரில் தங்குவதைக் ‘காற்று மாற்றம்’ என்று பொருள்படும் தொடரால் குறிப்பர். ஆங்கில மருத்துவ வழக்கும் இதனோடு ஒத்தது. ஆனால் தமிழில் ‘காற்று வாங்கப் போனேன்’ என்பவர் நோயாளர் அல்லர். ஆங்கிலப் பனுவலில் மருத்துவர் சொல்லியபடி கடற்காற்றுக்குச் செல்பவரைக் ‘காற்று வாங்கச் சென்றார்’ என்று எழுதினால், ஒரு மாத மருத்துவம் ஒரு மாலை நேர நடையாகச் சுருங்கிவிடும்.

5. நோயாளரிலிருந்து தொழிலாளர் வரை

இதுவரை கூறியவை வசதி படைத்தோரின் செயல்கள். புகைவண்டி வந்தபின் கடற்கரை பலருக்கும் எட்டியது. லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே 1841இலும் பிளாக்பூலுக்கு 1846இலும் இருப்புப்பாதை வந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் வங்கி விடுமுறை நாள்களை வரையறுத்தது. லங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் ஆண்டுக்கு ஒரு முறை ஆலைகள் ஒருசேர மூடப்பட்டன. அவ்வாரத்திற்கு ‘வேக்ஸ்’ என்று பெயர். கோயில் திருநாளுக்கு முந்தைய இரவு கண்விழித்திருத்தலே அச்சொல்லின் மூலப்பொருள். கண்விழிப்பு திருவிழாவாகி, திருவிழா ஆலை விடுமுறையாகி, அவ்விடுமுறை பிளாக்பூல் பயணமாக முடிந்தது. ‘ஹாலிடே’ என்னும் சொல்லும் திருநாள் என்னும் பொருளிலிருந்து பிறந்ததே. தமிழின் ‘விடுமுறை’ வேலையிலிருந்து விடுபடுதலை மட்டும் சுட்டுகிறது. திருநாளோடு அதற்குச் சொல்லளவில் உறவில்லை. ‘வேக்ஸ்’ வாரத்தை ‘ஆலை விடுமுறை’ என்பதைவிடத் ‘திருவிழா விடுமுறை’ எனல் மூலத்திற்கு நெருக்கமாகும்.

1894இல் பிளாக்பூல் கோபுரம் திறக்கப்பட்டது. நடனமும் வேடிக்கைக் காட்சிகளும் மின்விளக்குகளும் தொழிலாளர் விடுமுறையின் அடையாளங்களாயின. 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு வழிவகுத்தது. இதற்கிடையில் நீருக்குள்ளும் மாற்றம் நிகழ்ந்தது. ஆணும் பெண்ணும் தனித்தனி இடங்களில் முழுக வேண்டும் என்னும் விதிகள் தளர்ந்தன. 1901இல் பெக்ஸ்ஹில் நகரம் இருபாலரும் ஒன்றாக நீராட இசைவளித்தது. முழுக்கு வண்டிகள் மெல்ல மறைந்தன. முழுக்காட்டுபவர் முன்னரே மறைந்திருந்தார். 1920களிலும் 1930களிலும் வெயிலில் கிடத்தலே ஒரு செயலாகி, ‘குளியல்’ என்னும் பெயரை நீரில்லாமலே பெற்றது. நாம் அதைச் ‘சூரியக் குளியல்’ என்று மொழிபெயர்த்தோம். ‘வெயில் காய்தல்’ என்னும் நல்ல தமிழ்த் தொடர் இருக்க, புதிய தொடரை ஆக்கியதற்குக் காரணம் உண்டு. குளிருக்கு வெயில் காய்வது தேவை. நிறம் மாற வெயிலில் கிடப்பது விருப்பம். தேவையையும் விருப்பத்தையும் ஒரே தொடரால் சொல்ல மொழி தயங்கியது எனலாம்.

இந்நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை வினை இலக்கணத்தில் சுருக்கிக் கூறலாம். முதலில் ஒருவர் இன்னொருவரை முழுக்காட்டினார். பின்னர் ஒருவர் தாமே முழுகினார். இறுதியில் பலர் சேர்ந்து ஆடினர். ஆகவே ‘நீராட்டு’, ‘முழுகு’, ‘கடலாடு’ என்னும் மூன்றையும் காலமறிந்து பயன்படுத்தத் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு வாய்ப்பு இருக்கிறது.

6. கரையும் பீச்சும்

சென்னைக் கடற்கரையில் 1884ஐ ஒட்டி ஆளுநர் கிராண்ட் டஃப் ஓர் உலாச்சாலையை அமைத்து, இத்தாலிய நினைவால் அதற்கு மெரினா என்று பெயரிட்டார். 1909இல் அங்குக் கடல்மீன் காட்சிச்சாலை ஒன்றும் திறக்கப்பட்டது. ஆங்கில ஓய்வூரின் உறுப்புகள் இரண்டும் இவ்வாறு வந்தன. ஆனால் நகர மக்கள் அங்குச் செய்தவை வேறு. திலகர் கட்டத்தில் கூடி அரசியற் சொற்பொழிவு கேட்டனர். 1923இல் சிங்காரவேலர் தலைமையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய இடங்களுள் திருவல்லிக்கேணிக் கடற்கரையும் ஒன்று. 1959இல் உழைப்பாளர் சிலையும், 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் தமிழ்ப் புலவர் சிலைகளும் அங்கு நிறுவப்பட்டன. சுண்டல் தின்றபடி பேச்சுக் கேட்பது சென்னைப் பெரியவர்களின் கடற்கரைச் செயலாயிற்று. காணும் பொங்கலன்று அங்குக் கூடும் குடும்பங்கள் பழைய கடலாட்டு நாளை நினைவூட்டுகின்றன.

இம்மாற்றத்துடன் சொல்லிலும் ஒரு பிளவு நேர்ந்தது. நகரத்தார் ‘பீச்சுக்கு’ப் போகின்றனர். மீனவர் ‘கரைக்கு’ப் போகின்றனர். நிலம் ஒன்று; பெயர் இரண்டு. ஆங்கிலத்தில் ‘பீச்’ தொடக்கத்தில் அலை ஒதுக்கிய கூழாங்கற்களையே குறித்தது. பின்னர்க் கரையையும், அதன்பின் மகிழ்விடத்தையும் குறித்தது. தமிழுக்கு வந்தது கடைசிப் பொருள் மட்டுமே. பிரைட்டனில் மீனவர் வலை காயவைத்த ‘ஸ்டெய்ன்’ என்னும் வெளி, ஓய்வாளர் பெருகியபின் வேலியிடப்பட்டு உலாத்திடலாயிற்று. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காக மீனவர் படகுகளை அகற்ற முற்பட்டபோது மோதல் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். ஒரு சாராருக்குப் ‘பீச்’ ஆன இடம் மறு சாராருக்குக் ‘கரை’யாகவே இருந்தது என்பது அம்மோதலின் அடியில் இருந்த உண்மை.

‘ரிசார்ட்’ என்பதும் இத்தகையதே. ஆங்கில வரலாற்றில் அது பலர் நாடிச் செல்லும் ஊரைக் குறிக்கும். தமிழ் வழக்கில் மதிலுக்குள் அமைந்த விடுதியைக் குறிக்கிறது. ‘பிரைட்டன் ஒரு ரிசார்ட்’ என்று எழுதினால் ஒரு நகரம் ஒரு விடுதியாகிவிடும். மலைநகரங்களுக்குக் ‘கோடை வாசஸ்தலம்’ என்று பெயரிட்ட தமிழ், கடற்கரைக்கு இணையான ஒன்றை ஆக்கவில்லை. இக்கட்டுரையில் ‘ஓய்வூர்’ என்று ஆளப்பட்டமைக்குக் காரணம் இதுவே. 1991இல் நடுவணரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தை வரைமுறைக்குள் கொணர்ந்தது. அதன் பின்னிணைப்பு ஒன்று கடற்கரை விடுதிகளுக்கான நெறிமுறைகளைக் கூறியது. இத்தகைய ஆவணங்களைத் தமிழாக்குபவர் ‘பீச்’ என்றும் ‘கரை’ என்றும் எழுதுவதில் உள்ள வேறுபாட்டை உணர்ந்திருக்க வேண்டும். எச்சொல் ஆளப்படுகிறதோ அச்சொல்லுக்குரியவரே முதலில் நினைக்கப்படுவர்.

7. முடிவுரை

இவ்வாய்வு பழம்பனுவல்களை மொழிபெயர்ப்போருக்கு மட்டும் உரியது அன்று. கடற்கரைகளில் வைக்கப்படும் எச்சரிக்கைப் பலகைகளைக் கருதுவோம். ஆங்கிலத்தில் ‘பேதிங்’ தடைசெய்யப்பட்டுள்ளது என்று இருக்கும். தமிழில் ‘குளிக்கத் தடை’ என்றோ ‘குளிக்காதீர்கள்’ என்றோ எழுதப்படும். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் இன்றைய தமிழில் குளித்தல் என்பது உடல் முழுதும் நனைய, தூய்மைக்காகச் செய்வது. மாலையில் குடும்பத்துடன் வந்து, சேலையைச் சற்று உயர்த்தியோ வேட்டியை மடித்துக் கட்டியோ அலையில் நிற்கும் பெரியவர், தாம் குளிப்பதாக ஒருபோதும் எண்ணமாட்டார். அவர் கால் நனைக்கிறார். பலகை தம்மை நோக்கிப் பேசவில்லை என்றே அவர் கொள்வார். காலடி மணலை அரித்துக்கொண்டு திரும்பும் அலை, குளிப்பவரையும் கால் நனைப்பவரையும் வேறுபடுத்துவதில்லை.

இங்கு மூலச்சொல்லுக்கு நிகரான சொல்லைத் தேடுவதால் பயனில்லை. கடற்கரைக்கு வரும் தமிழர் தம் செயலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்பதையே தேட வேண்டும். ‘கடலில் இறங்காதீர்கள், கால் நனைக்கவும் வேண்டாம்’ என்னும் தொடர் ஆங்கிலப் பலகையின் மொழிபெயர்ப்பாகத் தோன்றாமலிருக்கலாம். ஆனால் அதுவே அப்பலகையின் நோக்கத்தை நிறைவேற்றும். நுலியாவைப் போலவும் மார்த்தா கன்னைப் போலவும் கைப்பிடித்து நிறுத்த எவரும் இல்லாத கரையில், அப்பணியைச் செய்ய வேண்டியது பலகையில் எழுதப்பட்ட வினைச்சொல்லே. அச்சொல்லைத் தேரும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது.